மாவட்டம், வட்டம், கிராமம்: கீழ்விரி பட்டியலில் வந்த தேர்வைச் சரிபார்த்தல்

தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்கப் போகிறவரிடம் அந்தத் தளம் முதலில் மாவட்டத்தைக் கேட்கும். மாவட்டத்தைத் தொட்டதும் அதில் அடங்கிய வட்டங்கள் அடுத்த பட்டியலில் வந்து நிற்கும். வட்டத்தைத் தொட்டால் கிராமங்கள். அதற்குப் பிறகுதான் பட்டா எண்ணோ புல எண்ணோ எழுதும் கட்டம். தமிழ்நாட்டில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிற எவரும் இந்த மூன்று பட்டியல்களை என்றாவது ஒருநாள் எழுதியே தீர வேண்டும். கல்லூரி விடுதி விண்ணப்பமானாலும், பயிர்க் காப்பீட்டுப் பதிவானாலும், சாதிச் சான்றிதழ் கேட்கும் மனுவானாலும் ஊர் எது என்று கேட்காமல் வேலை நகராது. எழுதுவது சுலபம் என்பதால் பலரும் ஒரு பிற்பகலில் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியல்களிலிருந்து வரும் பதிலைச் சர்வரில் எப்படிச் சோதிப்பது என்பதே இந்த அத்தியாயம். வந்த மதிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனையின் முதல் படி மட்டுமே. அது மற்ற தேர்வுகளோடு பொருந்துகிறதா, அந்தத் தேதிக்குப் பொருந்துகிறதா, கேட்கிற ஆளுக்கு அந்த உரிமை உண்டா என்பவற்றையும் பார்த்தால்தான் சோதனை நிறைவுபெறும். இதைக் காட்டப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்த மாவட்டங்கள் அவை. ஒரு படிவத்தில் என்னென்ன தவறலாமோ அத்தனையும் இந்த இரண்டு மாவட்டங்களின் வரைபடத்திலேயே கிடைக்கும்.

டிராப்டவுன் என்று நாம் அன்றாடம் சொல்லும் கீழ்விரி பட்டியலிலிருந்து சர்வருக்கு எது போகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பட்டியல் போவதில்லை. திரையில் தெரிந்த ஊர்ப்பெயரும் போவதில்லை. ‘வட்டம்’ என்ற கட்டத்தின் பெயரும் அதற்கு எதிரே ஒரு சிறு எழுத்துச் சரமும், அவ்வளவுதான் போகிறது. அந்தச் சரம் உங்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு எந்த முத்திரையும் அதில் இல்லை. பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, பட்டியலின் ஒரு வரியில் உள்ள மதிப்பை மாற்றி எழுதி, படிவத்தை அனுப்ப அரை நிமிடம் போதும். பிரவுசரே இல்லாமல் ஒரு சிறு நிரலிலிருந்தும் அனுப்பலாம். ஆகவே பட்டியலில் நாம் வரைந்து வைத்த எல்லை திரையோடு முடிந்துவிடுகிறது. சர்வருக்கு வந்து சேர்வது, ஒருவர் கையால் தட்டச்சு செய்த வெற்றுக் கட்டத்தின் பதிலைப் போலவே நம்பத் தகாதது.

இதைச் சொன்னதும் வழக்கமாக ஒரு பதில் வரும். எங்கள் படிவத்தை நிரப்புகிறவர்கள் இ-சேவை மையத்து ஊழியர்கள், மாணவர்கள், விவசாயிகள். எஃப்12 அழுத்தி விளையாட அவர்களுக்கு நேரமும் இல்லை, நோக்கமும் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தவறான தேர்வு வந்து சேர யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இ-சேவை மையத்தில் ஓர் ஊழியர் மாவட்டப் பட்டியலில் தவறுதலாகப் பெரம்பலூரைத் தொட்டு, உடனே திருத்தி அரியலூரைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரிலிருந்து இரண்டு கோரிக்கைகள் அடுத்தடுத்துக் கிளம்பிவிட்டன. இணைப்பு மந்தமாக இருக்கும் நேரம். அரியலூருக்கான பதில் முதலில் வந்து, அரியலூர், ஆண்டிமடம், உடையார்பாளையம், செந்துறை என்று பட்டியல் நிரம்புகிறது. இரண்டு விநாடி கழித்து, முன்பே அனுப்பிய பெரம்பலூர்க் கோரிக்கைக்கான பதில் தாமதமாக வந்து அதை அழித்துவிட்டு ஆலத்தூர், குன்னம், பெரம்பலூர், வேப்பந்தட்டை என்று மாற்றி நிரப்புகிறது. மேலே மாவட்டம் அரியலூர் என்றே நிற்கிறது. வரிசையில் பத்துப் பேர் காத்திருக்க, ஊழியரின் கை பழக்கத்தில் இரண்டாவது வரியைத் தொடுகிறது. அனுப்பிய படிவத்தில் மாவட்டம் அரியலூர், வட்டம் குன்னம். அரியலூர் என்பது உண்மையான மாவட்டம், குன்னம் என்பது உண்மையான வட்டம். ஒவ்வொன்றையும் தனித்தனியே அதனதன் பட்டியலோடு ஒப்பிடும் சர்வர் இரண்டையும் சரி என்றே சொல்லும். குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் குறிப்பிட்ட கோளாறைத் திரைப்பக்கத்திலும் சரிசெய்ய வேண்டும். புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதை ரத்துசெய்யுங்கள், பதில் வந்து சேரும்வரை வட்டப் பட்டியலைப் பூட்டி வையுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. காலையில் திறந்து மதியம் அனுப்பப்படும் பக்கம், ஆறு மாதமாகப் புதுப்பிக்காத கைபேசிச் செயலி, எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்படும் பதிவுகள் என்று உள்ளே வரும் வாசல்கள் பல. எல்லா வாசலும் போய்ச் சேரும் ஒரே இடம் சர்வர். எனவே சோதனை அங்கேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது, தேர்ந்தெடுக்கவே செய்யாதவரின் பதில். எச்.டி.எம்.எல்.இல் ஒற்றைத் தேர்வுப் பட்டியலுக்கு நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் பிரவுசர் முதல் வரியைத் தானாகவே தேர்ந்தெடுத்து வைத்துவிடும். தமிழ்நாட்டில் இப்போதுள்ள 38 மாவட்டங்களை அகர வரிசையில் அடுக்கினால் முதலில் நிற்பது அரியலூர். ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினாலும் முதலில் நிற்பது அதுவேதான். எந்த மொழியில் படிவம் அமைத்தாலும், மாவட்டத்தைத் தொடாமல் கடந்துபோன ஒவ்வொருவரும் அரியலூர்க்காரராகப் பதிவாகிவிடுவார். அரியலூருக்குள்ளும் வட்டங்களில் அகர வரிசைப்படி முதல் வட்டம் அரியலூர்தான். மாவட்டமும் வட்டமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்பதால், பொருத்தம் பார்க்கும் சோதனையில்கூட இந்தப் பதிவு தேறிவிடும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. மாநிலத்தின் மக்கள்தொகை 7,21,47,030. நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. மாநிலம் முழுவதற்குமான ஒரு படிவத்தில் அரியலூரின் பங்கு இதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரிந்தால், அந்த மாவட்டத்து மக்கள் திடீரென்று ஆர்வம் காட்டுகிறார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் படிவத்தின் முதல் வரியைப் போய்ப் பாருங்கள்.

யாரும் தேர்ந்தெடுக்காத இயல்பு மதிப்பு ஒன்று எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. இணைய முகவரியிலிருந்து இருப்பிடத்தைச் சொல்லும் சேவை ஒன்று, அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை இயல்பு மதிப்பாக வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது போட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டில். 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. மோசடிக்காரர்களைத் தேடிக் காவல்துறையினரும் ஏமாந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016-இல் செய்தி வெளியான பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தினார்கள். நம் படிவத்துக்கு இது சொல்லும் பாடம் நேரடியானது. பட்டியலின் முதல் வரி, ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற சொற்களோடு வெற்று மதிப்பாக இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைக் கட்டாயம் என்று குறித்தால், வெற்று மதிப்போடு அனுப்பப் பார்ப்பவரைப் பிரவுசரே நிறுத்தும். பிரவுசரைச் சுற்றிக்கொண்டு வருவதைச் சர்வர் நிறுத்த வேண்டும். வெற்று மதிப்பைச் சுழியமாகவோ ஒன்றாகவோ மாற்றிச் சேமிக்கும் வழக்கம் உங்கள் நிரலில் எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் தேடி எடுத்துவிடுங்கள். வெற்று என்பது வெற்றாகவே சர்வருக்குள் வந்து, வெற்றாகவே திருப்பி அனுப்பப்பட வேண்டும்.

பொருத்தம் பார்க்கும் சோதனைக்கு வருவோம். இதற்கான பழைய, உறுதியான கருவி டேட்டாபேஸிலேயே இருக்கிறது. விண்ணப்ப அட்டவணையில் வட்டக் குறியீட்டை மட்டும் வட்ட அட்டவணையோடு கட்டிப் போடாமல், மாவட்டக் குறியீடும் வட்டக் குறியீடும் சேர்ந்த இணையைக் கட்டிப் போடுங்கள். கிராமத்துக்கு வரும்போது மூன்றும் சேர்ந்த கட்டு. ஃபாரின் கீ என்று நாம் அழைக்கும் அந்தக் கட்டு இருந்தால், நிரல் எழுதுகிறவர் மறந்தாலும் டேட்டாபேஸ் மறக்காது. இன்னும் எளிய வழியும் உண்டு. பயனர் தேர்ந்தெடுத்த கிராமக் குறியீட்டை மட்டும் சேமித்து, வட்டத்தையும் மாவட்டத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழியில் முரண் நுழையவே இடமில்லை என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். ஆனாலும் பயனர் திரையில் பார்த்த மாவட்டமும் சர்வர் எடுத்துக்கொண்ட மாவட்டமும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட வேண்டும். வேறாக இருந்தால், பயனர் பழுதான பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பொருள். அப்போது அவர் தேர்ந்த கிராமத்தையும் நம்ப முடியாது. திருப்பிக் கேட்பதே முறை.

எந்தப் பட்டியலோடு பொருத்திப் பார்க்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் வருவாய் வட்டங்கள் நான்கு: பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், குன்னம். ஊராட்சி ஒன்றியங்களும் நான்கு: பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர். நான்கில் மூன்று பெயர்கள் ஒன்றே. வட்டமும் ஒன்றியமும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரே அட்டவணையை இரண்டுக்கும் வைத்துக்கொண்ட நிரலாளர் பெரம்பலூரை வைத்துச் சோதித்துப் பார்ப்பார், ஆலத்தூரை வைத்துச் சோதித்துப் பார்ப்பார், எல்லாம் சரியாக ஓடும். வேப்பூர் ஒன்றியத்து விண்ணப்பம் வரும் நாளில்தான் தெரியும். அதைவிட மோசம், வேப்பூர் என்ற பெயரில் வட்டமே இல்லை என்றுகூட நிரல் சொல்லாது. கடலூர் மாவட்டத்தில் வேப்பூர் என்றொரு வட்டம் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடும் நிரல் பெரம்பலூர் மாவட்டத்து மனுவைச் சத்தமில்லாமல் கடலூருக்கு அனுப்பிவைக்கும். அரியலூர் மாவட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே வட்டங்கள் நான்கு, ஒன்றியங்கள் ஆறு. ஜெயங்கொண்டம் ஒரு நகராட்சி, ஓர் ஊராட்சி ஒன்றியம், ஒரு சட்டமன்றத் தொகுதி. ஆனால் வட்டம் இல்லை. அது இருப்பது உடையார்பாளையம் வட்டத்தில். வட்டப் பட்டியலில் ஜெயங்கொண்டத்தைத் தேடிக் காணாதவர் அருகில் கண்ட பெயரைத் தொட்டுவிட்டுப் போவது இயல்பு. தொகுதிகளின் கதை வேறு. குன்னம் சட்டமன்றத் தொகுதியில் குன்னம் பகுதியோடு அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தொகுதி பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இல்லை, சிதம்பரத்தில் இருக்கிறது. எனவே மாவட்டத்துக்கும் தொகுதிக்கும் இடையே தாய்-பிள்ளை உறவு இருப்பதாக வைத்துப் படிவம் எழுதினால், செந்துறைக்காரரின் உண்மையான பதிலை உங்கள் சர்வர் பொய் என்று திருப்பியடிக்கும். வருவாய்த் துறையின் அடுக்கு ஒன்று, ஊரக வளர்ச்சித் துறையின் அடுக்கு மற்றொன்று, தேர்தல் அடுக்கு மூன்றாவது. படிவத்தில் எந்த அடுக்கைக் கேட்கிறோம் என்பதைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். ‘வருவாய் வட்டம்’, ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று முழுப் பெயர் சொல்லிக் கேட்டால் பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவையும் நாமே எழுத வேண்டுமா, ஃபிரேம்வொர்க் பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. ஜாங்கோவில் தேர்வுக் கட்டம் அமைத்தால், அனுமதித்த மதிப்புகளுக்கு வெளியே எது வந்தாலும் அது தானாகவே மறுத்துவிடும். லாராவெலில் ஓர் அட்டவணையில் அந்த மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் விதியை ஒரே வரியில் எழுதிவிடலாம். இவை நல்ல வசதிகள், அவசியம் பயன்படுத்துங்கள். ஆனால் அனுமதித்த மதிப்புகள் எவை என்பதை அவற்றுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஜாங்கோ படிவத்தில் வட்டப் பட்டியலைத் தொடக்கத்தில் காலியாக வைத்து, திரையில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு நிரப்புகிறவர்களுக்கு ஒரு பழக்கமான தொல்லை வரும்: பயனர் சரியாகத் தேர்ந்தாலும் அது கிடைக்கும் தேர்வுகளில் ஒன்றல்ல என்று படிவம் பிடிவாதம் பிடிக்கும். அதன் வாயை அடைக்க, அனுமதிப் பட்டியலில் மாநிலத்து வட்டங்கள் அனைத்தையும் கொட்டிவிடுவது பலர் கைக்கொள்ளும் வழி. பிழைச் செய்தி போய்விடும். கூடவே மாவட்டப் பொருத்தமும் போய்விடும். சரியான வழி, வந்த மாவட்டக் குறியீட்டை முதலில் சோதித்து, அந்த மாவட்டத்து வட்டங்களை மட்டும் அனுமதிப் பட்டியலாக அமைத்து, பிறகு வட்டத்தைச் சோதிப்பது. லாராவெலிலும் அதே விதியோடு மாவட்ட நிபந்தனையைச் சேர்த்து எழுத இடமிருக்கிறது. இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

காலம் என்ற பரிமாணத்துக்கு இந்த இரண்டு மாவட்டங்களைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. 1995-இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைப் பிரித்தபோது கரூரோடு பெரம்பலூரும் தனி மாவட்டமானது. அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் போனது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று அது மறுபடி பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டமானது. அரியலூர் நகரத்தில் ஒரே தெருவில் ஐந்து பேர் பிறந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1994-இல் பிறந்தவரின் சான்றிதழில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி. 1998-இல் பிறந்தவருக்குப் பெரம்பலூர். 2001 ஜூனில் பிறந்தவருக்கு அரியலூர். 2005-இல் பிறந்தவருக்கு மறுபடி பெரம்பலூர். 2010-இல் பிறந்தவருக்கு அரியலூர். ஐந்தும் உண்மை. இன்றைய அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ‘பிறந்த மாவட்டம் பெரம்பலூர், வட்டம் அரியலூர்’ என்ற தேர்வைப் பிழை என்று மறுக்கும் சர்வர், 2005-இல் பிறந்த மாணவரிடம் அவருடைய சான்றிதழே தவறு என்று சொல்கிறது. அவர் என்ன செய்வார்? சர்வர் ஏற்கும்வரை மாற்றி மாற்றித் தேர்ந்து, அரியலூர் மாவட்டம் என்று போட்டு அனுப்புவார். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் படிவமும் சான்றிதழும் முரண்படுகின்றன என்று விண்ணப்பம் நிற்கும். தவறு செய்தது படிவம். அலைவது அந்த மாணவர்.

இதற்குத் தீர்வு, எந்த வட்டம் எந்த மாவட்டத்தில் என்று சொல்லும் அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு கட்டங்கள் வைப்பதுதான். அரியலூர் வட்டத்துக்கு மட்டும் ஐந்து வரிகள் வரும். தொடக்க நாள் அந்த வரிக்குள் அடங்கும், முடிவு நாள் அடங்காது என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால், 2002 மார்ச் 31 எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது. மாவட்டம் பிரிந்ததும் பழைய வரியை அழிக்காதீர்கள்; முடிவுத் தேதி போட்டு வையுங்கள். பிறகு படிவத்தின் ஒவ்வொரு கேள்வியும் எந்தத் தேதியைப் பற்றியது என்று தீர்மானியுங்கள். இப்போது குடியிருக்கும் மாவட்டம் என்றால் இன்றைய தேதி, பிறந்த மாவட்டம் என்றால் பிறந்த தேதி, பத்திரம் பதிவான மாவட்டம் என்றால் பத்திரத்தின் தேதி. மாவட்டம் என்ற ஒரே சொல் மூன்று வேறு கேள்விகளாக நிற்கிறது. இது பழைய ஊர்களுக்கு மட்டுமான கவலை என்று ஒதுக்க வேண்டாம். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்களும் 2020-இல் மயிலாடுதுறையும் உருவாயின. 2018-இல் விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டம் என்று சேமித்த ஒரு பதிவை இன்று திருத்தத் திறந்தால், விழுப்புரத்தின் வட்டப் பட்டியலில் கள்ளக்குறிச்சி இருக்காது. சேமித்த மதிப்பு பட்டியலில் இல்லாதபோது பிரவுசர் என்ன செய்யும் என்று முன்பே பார்த்தோம்: முதல் வரியைத் தேர்ந்துகொள்ளும். கைபேசி எண்ணை மட்டும் மாற்ற வந்தவரின் வட்டமும் அவருக்குத் தெரியாமலேயே மாறிப்போகும். திருத்தும் படிவத்தில், சேமித்த மதிப்பு பழையதாகிவிட்டால் அதையும் பட்டியலில் ‘முந்தைய பதிவு’ என்ற குறிப்போடு காட்டுங்கள். பயனர் தொடாத கட்டத்தைச் சர்வர் மாற்றக் கூடாது.

பெயரைச் சேமிப்பதா, குறியீட்டெண்ணைச் சேமிப்பதா என்பதில் தயக்கமே வேண்டாம், குறியீட்டெண்தான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. பெயரையே மதிப்பாக வைத்திருந்த எந்த அமைப்புக்கும் அப்படி ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தால் ஆயிரம் இடங்களில் பழுது. தமிழ்ப் பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘ஜெயங்கொண்டம்’ என்ற பெயரில் வரும் ‘கொ’வைப் பாருங்கள். ககரத்துக்குப் பின் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். எக்செல் கோப்பிலிருந்து ஏற்றிய ஜெயங்கொண்டம் பட்டியலில் இல்லை என்று சர்வர் சாதிக்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். பெயரை ஒப்பிட்டே தீர வேண்டிய இடத்தில், இரு பக்கத்தையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு மாவட்டத்திலிருந்து கிராமம் வரை குறியீட்டெண்கள் தருகிறது. நீங்களே எண் உண்டாக்குவதைவிட அதைப் பயன்படுத்துவது நல்லது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறியீடுகள் வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடாதீர்கள்.

உரிமை பற்றிய சோதனையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் இதில் வாதத்துக்கு இடமில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் உள்ளே நுழைந்தால் அவருடைய கிராமங்கள் மட்டும் பட்டியலில் தெரியும்படி எழுதுகிறோம். வேறொரு கிராமத்தின் குறியீடு அவர் கணக்கிலிருந்து வந்தால் அந்தக் கிராமம் உண்மையானதுதான், வட்டத்தோடும் பொருந்தும், தேதியோடும் பொருந்தும். அவருக்கு அதில் கைவைக்க உரிமை இல்லை என்பது மட்டுமே குறை. பட்டியலைக் குறுக்கிய அதே நிபந்தனையைச் சர்வரில் சேமிக்கும் இடத்திலும் வையுங்கள். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பேராபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்த வகைக் குறைபாட்டுக்குத்தான். 2017 பட்டியலில் அது ஐந்தாவதாக இருந்தது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் மறுப்பு ஒன்று இருக்கிறது. இவ்வளவு கறாராக இருந்தால் உண்மையான மனிதர்கள் வெளியே நிற்க நேரும் என்பது அது. இந்தக் கவலை சரியானது. அதனால்தான் எதை மறுப்பது, எதை எச்சரித்துவிட்டு ஏற்பது என்று பிரிக்க வேண்டும். அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரின் எண் 621212, முசிறியின் எண் 621211, அரியலூரின் எண் 621704. முசிறி திருச்சிராப்பள்ளி மாவட்டம். முதல் மூன்று இலக்கம் மூன்றுக்கும் ஒன்றே. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் மாவட்டமே மாறுகிறது. அஞ்சல் துறை எல்லைகள் வருவாய் எல்லைகளைப் பின்பற்றி வரையப்பட்டவை அல்ல. ஆகவே அஞ்சல் குறியீடு மாவட்டத்தோடு பொருந்தவில்லை என்று தோன்றினால் ‘ஒருமுறை சரிபாருங்கள்’ என்று கேளுங்கள். அவர் சரி என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். வட்டம் மாவட்டத்தோடு பொருந்தாதது வேறு. அதை ஏற்றால் மனு தவறான வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும், எனவே அங்கே நிறுத்தியே ஆக வேண்டும். கிராமப் பட்டியலில் தன் ஊரைக் காணாதவருக்கு ‘என் ஊர் பட்டியலில் இல்லை’ என்ற வரியும், பெயர் எழுத ஒரு கட்டமும் கொடுங்கள். அப்படி வந்தவை தனியே ஒருவர் பார்வைக்குப் போகட்டும். வருவாய்க் கிராமப் பெயர்களுக்குப் பின்னால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற திசைக் குறிகள் வருவதுண்டு. அவற்றைத் தெரியாதவர் எதைத் தொடுவது என்று திகைத்து நிற்பார். அங்கே பட்டாவில் உள்ளபடி தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிவைத்தால் போதும். கட்டாயக் கட்டத்தின் பட்டியல் காலியாகிவிடும் நிலைமையையும் பாருங்கள். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ஊரைத் தேர்ந்ததும் அவ்வூர் ரயில் நிலையத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று எழுதிய படிவத்தில் பெரம்பலூர்க்காரர் மேலே நகரவே முடியாது. பட்டியல் காலி என்றால் கட்டாயம் என்ற நிபந்தனையும் தளர வேண்டும்.

மறுக்கும்போது சொல்லும் சொற்களும் சரிபார்ப்பின் ஒரு பகுதிதான். ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் ஒரு வரி போட்டால் இ-சேவை மைய ஊழியருக்கும் அவர் எதிரே நிற்கும் பெரியவருக்கும் எதுவும் விளங்காது. ‘குன்னம் வட்டம் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. நீங்கள் அரியலூர் மாவட்டத்தைத் தேர்ந்துள்ளீர்கள். எது சரி?’ என்று கேட்டால் ஒரே தொடுதலில் திருத்திவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான தகவல் முழுவதும் சர்வரிடம் இருக்கிறது. மற்ற கட்டங்களில் நிரப்பியதை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். இருபது கட்டங்களை மறுபடி நிரப்பச் சொல்லும் படிவத்தில் இரண்டாம் முறை தவறு கூடும். மறுத்தவற்றைக் குறித்தும் வையுங்கள். ஒரே இணை திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் தவறு மக்களிடம் இல்லை, உங்கள் அட்டவணையில் இருக்கிறது.

படிவத்தை வெளியிடுமுன் நான்கு பதிவுகளைப் பிரவுசர் இல்லாமல் நேரடியாகச் சர்வருக்கு அனுப்பிப் பாருங்கள். மாவட்டம் வெற்றாக ஒன்று. பெரம்பலூர் மாவட்டத்தோடு கடலூரின் வேப்பூர் வட்டம் சேர்ந்த ஒன்று. 2005-இல் பிறந்தவரின் பிறந்த மாவட்டம் பெரம்பலூர், வட்டம் அரியலூர் என்று ஒன்று. இன்றைய முகவரி அரியலூர் மாவட்டம், குன்னம் வட்டம் என்று ஒன்று. மூன்றாவதை மட்டும் உங்கள் சர்வர் ஏற்க வேண்டும். இதை இன்றே செய்து பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் படிவமாக இருந்தால் முதலில் செய்து பாருங்கள்.